சுங்கை சிப்புட்டில் வீடு, நிலம் கைமாற்றிவிட நினைப்பவர்களுக்கு: ஹோல்சேலிங் எது, ஏஜெண்ட் வேலை எது

"ஒன்னு எம்பதுக்கு வீட்ட குடுத்துடலாம்னு இருக்கேன், ஆள் இருந்தா சொல்லுப்பா" என்கிறார் தாமானில் ஒரு வீட்டுக்காரர், அதாவது 180,000 ரிங்கிட்டுக்கு. நீங்கள் ஆள் பார்த்துக் கொடுக்கிறீர்கள். கிரயம் முடிந்ததும் இரண்டாயிரம் வெள்ளி உங்கள் கைக்கு வருகிறது. தோட்டப்புறப் பட்டணங்களில் இது காலங்காலமாக நடக்கிற தரகு. மலேசியச் சட்டத்தின் கண்ணில் அது சொத்து முகவர் தொழில், பதிவில்லாமல் செய்தால் குற்றம். கொஞ்ச காலமாக இதே வேலைக்கு 'ஹோல்சேலிங்' என்று பெயர் சூட்டி, லைசென்ஸ் வேண்டாம், கைக்காசு வேண்டாம் என்று ஓட்டல் மண்டபங்களில் வகுப்பு எடுக்கிறார்கள். பெயரை மாற்றினால் வேலை மாறிவிடாது. இந்தத் தொழிலில் இறங்கும் முன் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த விளக்கம்.

எதை விற்கிறீர்கள்?

ஏஜெண்ட் விற்பது அடுத்தவரின் சொத்தை. சொந்தக்காரர் எழுத்து மூலம் அவரை நியமிக்கிறார், விலையைச் சொந்தக்காரரே முடிவு செய்கிறார், ஏஜெண்டுக்குக் கட்டணம். விலை ஏறினால் லாபம் சொந்தக்காரருக்குத்தான்.

ஹோல்சேலர் விற்பது தன் ஒப்பந்தத்தை. முதலில் தானே வாங்குபவராக நின்று சொந்தக்காரரோடு விலை பேசிக் கையெழுத்துப் போடுகிறார். அந்த விலைக்கு வாங்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்து வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறார். வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்டில் அவர் பெயர் ஏறுவதே இல்லை.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கடைசி வாங்குபவர் பின்வாங்கினால் சொந்தக்காரருக்குப் பணம் கட்ட வேண்டிய பொறுப்பு யாருடையது? உங்களுடையது என்றால் நீங்கள் வாங்குபவர். உங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை, ஆள் கிடைத்தால் காசு, கிடைக்காவிட்டால் கைகழுவல் என்றால் நீங்கள் செய்வது முகவர் வேலை.

அமெரிக்காவில் நடப்பது எப்படி?

ஹோல்சேலிங் அங்கே பிறந்த முறை. பழுதான வீட்டை, அவசரமாக விற்கத் துடிக்கும் சொந்தக்காரரிடம் தேடிப் பிடிப்பார்கள். கணக்குக்கு எழுபது விழுக்காட்டு விதி என்று ஒன்று புழக்கத்தில் உண்டு. சரிசெய்த பின் வீடு 200,000 டாலர் பெறும், பழுதுபார்க்க 30,000 ஆகும் என்று வையுங்கள். 200,000-இல் 70 விழுக்காடு 140,000. பழுதுச் செலவைக் கழித்தால் 110,000. தனக்கு 10,000 வேண்டுமென்றால் சொந்தக்காரரிடம் கேட்கும் விலை 100,000. முன்பணமாகச் சின்னத் தொகை கட்டி, ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுக்கும் உரிமையையும், வீட்டைப் பரிசோதித்துப் பிடிக்காவிட்டால் விலகும் உரிமையையும் எழுதிக்கொள்வார்கள். பிறகு ரொக்கத்தோடு காத்திருக்கும் முதலீட்டாளருக்கு அந்த ஒப்பந்தம் கைமாறும்.

அங்கேயும் கயிறு இறுகிக்கொண்டே வருகிறது. இல்லினாய் மாநிலம் 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 12 மாதத்துக்குள் ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்தால் லைசென்ஸ் வேண்டும் என்றது. பென்சில்வேனியாவில் 2024-இல் நிறைவேறிய சட்டம் 2025 ஜனவரி முதல் ஹோல்சேலர்களையும் லைசென்ஸுக்குள் கொண்டுவந்துவிட்டது. இங்கே வகுப்பு எடுப்பவர்கள் காட்டும் அமெரிக்க வீடியோக்களில் பல இதற்கு முந்தியவை.

அந்த அச்சை இங்கே வைத்தால் ஏன் பொருந்துவதில்லை?

முதலில் முன்பணம். இங்கே வழக்கம், விலை ஒத்துக்கொண்டதும் 2 விழுக்காடு, விற்பனை ஒப்பந்தம் போடும்போது 8 விழுக்காடு, ஆக 10. 180,000 ரிங்கிட் வீட்டுக்கு 18,000. வாங்குபவர் பின்வாங்கினால் அது பெரும்பாலும் போனது போனதுதான். நூறு டாலர் கட்டி வீட்டைப் பிடித்துவைக்கும் கதை இங்கே நடக்காது.

அடுத்தது, ரொக்கம் வைத்திருக்கும் ஆள் குறைவு. சுங்கை சிப்புட்டில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் ஈப்போவிலோ கோலக்கங்சாரிலோ வேலை பார்ப்பவர், வங்கிக் கடனில் வாங்குபவர். வங்கி தன் பங்குக்கு மதிப்பீடு செய்கிறது. ஒப்பந்த விலை, மதிப்பீட்டு விலை இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன். இரண்டு மாதம் முன் 180,000-க்குப் பேசிய வீட்டை நீங்கள் 200,000 என்று கொண்டுபோனால், அந்த 20,000-க்கு மதிப்பீட்டாளரின் கணக்கில் இடம் இருக்க வேண்டும். பக்கத்து வீடுகள் 180,000-க்கே போயிருந்தால் இருக்காது. வாங்குபவர் வித்தியாசத்தைக் கைக்காசில் போட வேண்டும், அங்கேயே பேச்சு நின்றுவிடும். பேரம் முறிவதற்கு இதுதான் முதல் காரணம்.

பிறகு ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுப்பது. உரிமையை எழுத்து மூலம் இன்னொருவருக்கு மாற்றலாம், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கடமையை அப்படி மாற்ற முடியாது, விற்பவர் சம்மதிக்க வேண்டும். எனவே அவருக்குத் தெரியாமல் பின்கதவால் கைமாற்றுவதைச் சட்டமே தடுக்கும்.

ஏஜெண்ட் சட்டம் என்ன சொல்கிறது?

மதிப்பீட்டாளர், சொத்து முகவர், சொத்து நிர்வாகி சட்டம் 1981, பேச்சுவழக்கில் 'ஆக்ட் 242'. பதிவு பெற்ற சொத்து முகவர் மட்டுமே இந்தத் தொழிலை நடத்தலாம். அவருடைய நிறுவனத்தின் கீழ் 'ரென்' எனப்படும் பேரம் பேசுபவர்கள் வேலை செய்யலாம். மீறினால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று: பதிவில்லாதவர் தன் கமிஷனை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் "ஒன்னும் இல்ல, போ" என்றால் நீங்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

விற்பனைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விலையில் 3 விழுக்காடு. "எனக்கு ஒன்னு எழுபது போதும், மேலே கிடைக்கிறது உனக்கு" என்று வீட்டுக்காரர் மனமுவந்து சொன்னாலும் முகவர் அதை வாங்க முடியாது. 170,000 போதும் என்றவரின் வீடு 195,000-க்குப் போனால் மிச்சம் 25,000, உச்சவரம்போ 5,850. தோட்டப்புறத்தில் அதிகம் நடக்கும் மீறல் இது.

ஏஜெண்ட் பக்கம் போக வேண்டுமானால்

நுழைவாயில் ரென். பேரம் பேசுபவருக்கான இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பை முடித்து, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர வேண்டும். விண்ணப்பத்தை நிறுவனம்தான், முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்துக்கு அனுப்பும். படம், ரென் எண், கியூஆர் குறியீடு கொண்ட டேக் வரும். அது வரும்வரை விளம்பரம் போடாதீர்கள், வீடு காட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு நிறுவனம்தான்.

வேலை ஓடும் வரிசை இது: வீட்டுக்காரரிடம் எழுத்து மூல நியமனம், கிராண்ட் சோதனை, விளம்பரம், வீடு காட்டல், வாங்குபவரின் எழுத்து மூல விலைக்கோரிக்கை, 2 விழுக்காடு முன்பணம். முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கினீர்களானால், மறுநாளே திருப்பிக் கொடுத்தாலும், டேக் போகலாம். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான், ஏனென்றால் வாங்குபவரே "தம்பி, உங்களுக்கே டிரான்ஸ்பர் பண்ணிடுறேன்" என்பார்.

ரென்னாகவே இருந்துவிடலாம். சொந்த நிறுவனம் வேண்டுமானால் வாரியத்தின் தேர்வுகளையும் பயிற்சிக் காலத்தையும் முடித்து முழு முகவராகப் பதிவு பெற வேண்டும். அது சில ஆண்டுப் பாதை.

"நான் ஆள் மட்டும் காட்டுறேன், லைசென்ஸ் உள்ளவர் எனக்குப் பங்கு தரட்டும்" என்ற ஏற்பாடும் செல்லாது. பதிவில்லாதவரோடு கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள முகவருக்கு அனுமதி இல்லை.

வாங்குபவராக நின்று கைமாற்ற வேண்டுமானால்

நேர்மையாகச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுசாக வாங்கி, உங்கள் பெயரில் மாற்றி, பிறகு விற்பது. மற்றது ஒப்ஷன் ஒப்பந்தம்: ஒரு தொகை கொடுத்து, இத்தனை நாளுக்குள் இந்த விலைக்கு நானோ நான் குறிக்கும் ஆளோ வாங்குவோம் என்ற உரிமையை எழுதிக்கொள்வது. வழக்கறிஞரே எழுத வேண்டும். 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். ஒப்ஷன் தொகை, காலம், விலை, வேறு ஆளைக் குறிக்கும் உரிமை, வீட்டைத் திறந்து காட்ட அனுமதி, வாங்காவிட்டால் தொகை யாருக்கு என்பவற்றோடு, 'ஒப்ஷன் எடுப்பவர் கூடுதல் விலைக்குக் கைமாற்றி லாபம் பார்க்கக்கூடும்' என்ற வரியும் அதில் இருக்கட்டும். அந்த வரியைப் படித்த பிறகும் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அது நியாயமான பேரம். படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் அவர் தரப்புக்குத் தனி வழக்கறிஞர் வையுங்கள், அந்தச் செலவை நீங்களே ஏற்றாலும் பாதகமில்லை. பிற்பாடு பிள்ளைகள் கிள்ளானிலிருந்து வந்து "எங்கப்பாவ ஏமாத்திட்டே" என்று நிற்கும்போது அந்தத் தனி வழக்கறிஞரின் கையெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும்.

ஒப்ஷன் கையில் இருந்தாலும் "வீடு விற்பனைக்கு" என்று வீட்டுக்காரரின் ஆள் போல விளம்பரம் போடக்கூடாது. உங்கள் உரிமை என்ன என்பது விளம்பரத்தில் தெரிய வேண்டும். யாருக்காக, என்ன செய்து, எதற்குக் காசு வாங்கினீர்கள் என்பதைத்தான் விசாரணையில் பார்ப்பார்கள். தாளின் தலைப்பு அங்கே உதவாது.

முழுசாக வாங்கி விற்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 180,000-க்கு வாங்கி ஆறு மாதத்தில் 200,000-க்கு விற்கிறீர்கள், கடன் இல்லை. வாங்கும்போது பெயர்மாற்ற முத்திரை வரி: முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 80,000-க்கு 2 விழுக்காடு, ஆக 2,600. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, 2,250. அதற்குச் சேவை வரி 8 விழுக்காடு சேர்ந்தால் 2,430. விற்கும்போது உங்கள் வழக்கறிஞருக்கு 2,700. 20,000-இல் மிஞ்சுவது 12,270. மூன்று ஆண்டுக்குள் விற்றால் சொத்து லாப வரி 30 விழுக்காடு. தனிநபருக்கு 10,000 ரிங்கிட் அல்லது லாபத்தில் 10 விழுக்காடு, எது கூடுதலோ அது விலக்கு. மீதி 2,270-க்கு வரி 681. கையில் 11,589. தேடல், பதிவு போன்ற சில்லறைச் செலவும், பழுதுபார்த்த செலவும், நிலவரியும் இன்னும் கழியும்.

இத்தோடு, வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டை, அதாவது 6,000-ஐ, பிடித்து வைத்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவார். வரி 681-தான் என்றாலும் மிச்சம் பின்னால்தான் திரும்பி வரும். அந்தப் பணத்தை நம்பி அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். இதையே தொழிலாகத் திரும்பத் திரும்பச் செய்தால் லாப வரிக் கணக்கு மாறி வருமான வரிக்குள் போய்விடும், அந்த 10,000 விலக்கும் கிடைக்காது.

அதே வீட்டை ரென்னாக விற்றுக் கொடுத்திருந்தால் 3 விழுக்காடு 6,000. நிறுவனத்தோடு எழுபதுக்கு முப்பது என்று பங்கு வைத்தால் உங்களுக்கு 4,200. தொகை பாதிக்கும் குறைவு, ஆனால் உங்கள் 180,000 எங்கும் முடங்கவில்லை, விலை விழுந்தாலும் நட்டம் உங்களுடையது இல்லை. கையில் மூலதனம் இல்லாதவருக்கு எது பொருத்தம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை: ரென்.

கிராண்டை எடுத்துப் பாருங்கள்

எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு காசு கொடுக்கும் முன், ஒரு தாளில் கையெழுத்து வாங்கும் முன், நில அலுவலகத்தில் தேடல் எடுங்கள். சொந்தக்காரர் காட்டும் பழைய நகல் போதாது. தேடல் தாளில் வரிசையாகப் பாருங்கள்: உரிமையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம், 'ஷாராட் ஞாத்தா' என்ற நிபந்தனையில் வீடா, ரப்பரா, செம்பனையா, 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற கைமாற்றக் கட்டுப்பாடு, வங்கி அடமானம், கேவியட் (நிலத்தைக் கைமாற்றவிடாமல் ஒருவர் போட்டுவைக்கும் தடை), மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது.

மலிவு விலை வீடுகளில் பெரும்பாலும் அந்தக் கைமாற்றக் கட்டுப்பாடு இருக்கும். மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர்மாற்றம் நடக்காது, அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். 60 நாள் ஒப்ஷன் எடுத்தவர் அனுமதி வரும் முன்பே காலம் முடிந்து நிற்பார். இப்படிப்பட்ட வீட்டுக்கு, அனுமதி வந்த நாளிலிருந்து காலம் ஓடும்படி எழுதுங்கள்.

அடமானம் இருந்தால் வங்கியிடம் கடன் மீதிக் கடிதம் கேளுங்கள். கடன் 165,000 பாக்கி இருக்கும் வீட்டை 150,000-க்குப் பேசிப் பயனில்லை. 15,000-ஐ யாராவது கட்டினால்தான் கிராண்ட் விடுபடும்.

தோட்டப்புறத்தில் மாட்டிவிடும் நிலங்கள்

கிராண்ட் இன்னும் தாத்தா பெயரில். எல்பில், கமுனிங் தோட்டங்களின் பக்கமிருந்து பட்டணத்துக்கு வந்து அந்தக் காலத்தில் வீடு வாங்கியவர்கள் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் ஆறேழு பேர். வீட்டில் குடியிருக்கும் மகன் "நான்தான் ஓனர்" என்பார். வாரிசுப் பங்கீட்டு ஆணை வந்து, பெயர் மாறும்வரை அவருக்கு விற்கும் அதிகாரம் இல்லை. ஒரு தங்கை கையெழுத்து மறுத்தாலும் எல்லாம் இழுபறியாகிவிடலாம். சிறு சொத்துப் பங்கீட்டை நில அலுவலகத்தின் மூலமாகவே முடிக்கலாம். அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், முன்பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ், 'டிஓஎல்' நிலம். அதன் மேல் கல்வீடு இருக்கும், தண்ணீர், மின்சாரம், கோயில் எல்லாம் இருக்கும். ஆனாலும் அந்த லைசென்ஸைக் கைமாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது. டிஓஎல் வீட்டை விற்கிறேன் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பவருக்கு விற்க எதுவும் இல்லை.

செம்பனைத் துண்டுகள். "நாப்பதுக்கு அறுபது லாட், மாசம் முன்னூறு வெள்ளி" என்று விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்பார்கள். தேசிய நிலச் சட்டத்தில் விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டேருக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, குறையக்கூடாது. அதைவிடச் சிறிய 'லாட்'டுக்குத் தனிக் கிராண்ட் வராது. மொத்தக் கிராண்டில் உங்கள் பெயர் இருபது முப்பது பேரோடு பங்காக ஏறும், எது உங்கள் துண்டு என்று கிராண்ட் சொல்லாது. அதில் ஒருவர் கடன்பட்டு கேவியட் விழுந்தால் தலைவலி எல்லாருக்கும்.

40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தை இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ பிரித்து விற்க, அதே சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவுக்குப் பின்னால் நம் மக்களின் வரலாறு இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, இடைத்தரகர்கள் வாங்கித் துண்டு துண்டாகக் கைமாற்றினார்கள். குடியிருந்த தொழிலாளிக்கு வேலையும் போனது, லயமும் போனது. அந்தத் துண்டாடலுக்குப் பதிலடியாகத்தான் 1960-இல் சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மலிவாக வாங்கி வேகமாகக் கைமாற்றும் தொழில் இந்த மண்ணில் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள், சொந்தக்காரருக்கு உண்மை விலையைச் சொல்லாமல் ஒப்ஷன் கேட்கக்கூடாது.

விற்பவர் பக்கம் நிற்பவர்களுக்கு

வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும், "நீங்க வாங்குறீங்களா, வித்துக் கொடுக்குறீங்களா?" என்று கேளுங்கள். விற்றுக் கொடுக்கிறேன் என்றால் டேக்கைக் கேளுங்கள், கியூஆரைக் கைப்பேசியில் தட்டிப் பாருங்கள், படமும் நிறுவனப் பெயரும் பொருந்த வேண்டும். நானே வாங்குகிறேன் என்றால் முன்பணம் எவ்வளவு, அது எந்த வழக்கறிஞரிடம் போகிறது, எந்தத் தேதிக்குள் முழுப் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'அல்லது அவர் குறிப்பிடும் ஆள்' என்ற சொல் இருந்தால், அவர் இன்னொருவருக்குக் கைமாற்றப் போகிறார் என்று பொருள். அது தவறில்லை. ஆனால் விலையை ஒத்துக்கொள்ளும் முன் பதிவு பெற்ற ஏஜெண்ட் இரண்டு பேரிடம் சந்தை விலை விசாரித்துவிடுங்கள்.

எழுதாத தாளில் கையெழுத்து, மூலக் கிராண்டைக் கையில் கொடுப்பது, 'சூராட் குவாசா' எனப்படும் அதிகாரப் பத்திரம், இந்த மூன்றையும் உங்கள் சொந்த வழக்கறிஞர் முன்னால் அல்லாமல் யாருக்கும் தராதீர்கள். ஏற்கெனவே தந்திருந்தால் உடனே வழக்கறிஞரைப் பிடித்து அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்று கேளுங்கள், நில அலுவலகத்தில் புதுத் தேடல் எடுத்துக் கேவியட் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கேவியட் நீக்கப்படாவிட்டால் 6 ஆண்டு வரை நிற்கும். காரணமில்லாமல் போட்டவரிடம் நட்டஈடு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.